18 நாள் ஆச்சு, பசிக்குது!

ஒன்றாம் தேதி வர வேண்டிய சம்பளம் இருபதாம் தேதி வரைக்கும் வரவில்லை. என்ன செய்வீர்கள்?

முதலில் கேன்டீனில் புலம்புவோம். அப்புறம் அக்கவுன்ட்ஸ் ஆசாமியை மாடிப்படியில் மடக்கிக் கேட்போம். அவர், 'ஃபைல் மேலே போயிருக்கு சார்' என்பார். கடைசியில், ரோஷக்காரர் ஒருத்தர் எம்.டி.க்கே கடுதாசி எழுதுகிறேன் என்று கிளம்புவார். நாலு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கம் மானேஜருக்கு அர்ச்சனை. சம்பளம் வரவில்லை என்கிற விஷயம் கடைசி வரியில், தேதிகூட இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் இப்படி ஒரு கடிதம் போய், 'மேலதிகாரியை மரியாதைக் குறைவாகக் குறிப்பிட்டது ஏன்?' என்று எழுதினவருக்கே மெமோ வந்தது. சம்பளத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை!

மேலிடத்துக்குக் கடுதாசி எழுதுவதில் கில்லாடிகளாக இருந்த ஒரு கூட்டத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கும். எகிப்துக்கு. அதுவும் சுமார் 3,200 வருஷம் பின்னால்.

நைல் நதியின் மேற்குக் கரை. எதிர்க் கரையில் இன்றைய லக்ஸர் நகரம். கிரேக்கர்கள் பிற்பாடு தீப்ஸ் என்று அழைத்தார்களே, அதே ஊர். மேற்குக் கரையில் மொட்டைக் குன்றுகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில், மதில் சுவருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சுமார் 70 வீடுகள். இன்றைக்கு அந்த இடத்தின் பெயர் டெய்ர் எல் மெதினா. அங்கே குடியிருந்தவர்கள், மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்து, சுவரைப் பூசி, சித்திரம் எழுதிய தொழிலாளிகள். பிரமிடு கட்டினவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரமிடெல்லாம் அதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேலே முந்தைய சமாசாரம். இவர்கள் காலத்து ராஜாக்கள் உஷார். திருடன் கண்ணில் படக்கூடாது என்று மலைக்குள்ளே சுரங்கம் வெட்டிப் படுத்துக்கொண்டார்கள். டுட்டன்காமனைத் தோண்டி எடுத்தார்களே, அந்த ராஜாக்களின் பள்ளத்தாக்குதான் இவர்களுக்கு வேலை செய்யும் இடம்.

சினிமாவில் வருகிற மாதிரி சவுக்கடி வாங்குகிற அடிமைகள் இல்லை இவர்கள். சுத்தமான அரசாங்க உத்தியோகஸ்தர்கள்! கப்பலில் இருப்பது போல வலது கோஷ்டி, இடது கோஷ்டி என்று இரண்டு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை மேஸ்திரி. கணக்கு வழக்குக்கு ஒரு எழுத்தர். பத்து நாள் சேர்ந்தது ஒரு வாரம். இவர்களுக்கு மேலே யார் தெரியுமா? நேராக வஸீர்தான். அதாவது நாட்டின் பிரதம மந்திரி. நடுவில் ஜி.எம்., ஏ.ஜி.எம். என்று பத்துப் படிக்கட்டு கிடையாது. மன்னனின் கல்லறை ஆயிற்றே, அதை வேறு யார் பொறுப்பில் விடுவான்?

நாணயம் இல்லாத காலம். சம்பளம் தானியமாக வரும். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு! ஒரு மூட்டை என்பது நம் கணக்கில் சுமார் 77 லிட்டர். மேஸ்திரிக்கு மொத்தம் ஏழரை மூட்டை. கூடவே மீன், காய்கறி, விறகு, மண்பாண்டம். ஊரில் கிணறு கிடையாது. தண்ணீர்கூடக் கழுதை முதுகில் ஏறித்தான் வரும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் பாறை. நாலு கத்திரிச் செடி வைக்கக்கூட வழியில்லை. மேலேயிருந்து வருவது நின்றுபோனால், பத்தாவது நாள் குழந்தை அழ ஆரம்பித்துவிடும்.

இன்னொரு விசேஷம், இந்தக் கிராமத்தில் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம். படம் வரைகிறவனுக்கு எழுத்து தெரிந்தாக வேண்டுமே! பாப்பிரஸ் தாள் விலை அதிகம். ஆனால் சுண்ணாம்புக் கல் சில்லு காலடியில் இலவசமாகக் கிடக்கிறது. கடன் கணக்கு, காதல், வம்புச் சண்டை, சலவைப் பட்டியல் என்று எல்லாவற்றையும் கல் சில்லில் கிறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பெர்னார் புருயேர் 1922-லிருந்து 1951 வரை இங்கே தோண்டினார். ஊருக்குப் பக்கத்தில் ஒரு ராட்சசக் குழி. பிற்காலத்தில் யாரோ தண்ணீருக்காகத் தோண்டி, கிடைக்காமல் குப்பையைக் கொட்டி மூடிவிட்டுப் போன குழி. அந்தக் குப்பையில் ஆயிரக்கணக்கில் எழுத்துச் சில்லுகள்!

அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர்கூடக் கிடைத்திருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 40-வது ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யார் யார் எந்த நாள் மட்டம், என்ன காரணம் என்று ஒன்று விடாமல் குறித்திருக்கிறார்கள். தேள் கடி, கண் வலி, வீட்டில் சாவு, பீர் காய்ச்சணும்... ஆமாம், பீர் காய்ச்சுவதற்கு லீவு உண்டு. நிர்வாகம் இவ்வளவு கணக்கு வைத்தால், தொழிலாளியும் கணக்கு வைக்கத்தானே செய்வான்?

இப்போது மூன்றாம் ராம்செஸ் காலத்துக்கு வருவோம். எகிப்தின் கடைசிப் பெரிய மன்னன் என்று இவனைச் சொல்வது வழக்கம். கடல் வழியாக வந்தவர்களோடும் லிபியர்களோடும் அடுத்தடுத்து யுத்தம். மெதினெத் ஹபுவில் பிரம்மாண்டமான கோயில். கோயில்களுக்கு வாரி வாரி மானியம். விளைவு, களஞ்சியம் தட்டுப்பட ஆரம்பித்தது.

இந்த ஆட்சியில், டோ என்கிற வஸீருக்கு நெஃபர்ஹோதெப் என்ற எழுத்தர் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கல் சில்லு இப்போது சிகாகோவில் இருக்கிறது. அதன் அமைப்பைப் பாருங்கள். முதலில் வழக்கமான தெய்வ வாழ்த்து. அடுத்தது புகாரா? இல்லை, வேலை ரிப்போர்ட்! எஜமான் உத்தரவிட்ட இளவரசர்களின் கல்லறை வேலை நல்லபடியாக நடக்கிறது, நாங்கள் துளியும் அசட்டையாக இல்லை, அது பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம் என்கிறார். அதற்கப்புறம்தான் விஷயம். நாங்கள் ரொம்பவும் நொடித்துப்போயிருக்கிறோம். கஜானா, களஞ்சியம், கிடங்கு மூன்றிலிருந்தும் வர வேண்டியவை தீர்ந்துபோயின. கல் சுமப்பது லேசான காரியமில்லை. போதாக்குறைக்கு எங்களிடமிருந்து ஒன்றரை மூட்டை தானியத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றரை மூட்டை மண்ணைக் கொடுத்தார்கள்!

ஒன்றரை மூட்டை. மேலே சொன்னேனே, ஒரு ஆளின் மாத பார்லி அதே அளவுதான். கடைசியாக ஒரே ஒரு கோரிக்கை: நாங்கள் பிழைத்திருக்க வழி செய்யுங்கள், செத்துக்கொண்டிருக்கிறோம்.

அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை. மண்ணை அளந்து கொடுத்தவன் பெயர்கூட இல்லை. 'நாங்கள் எங்கள் பங்கைச் செய்துவிட்டோம், உங்கள் பங்கு பாக்கி' என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியுமா? என் கையில் இருந்தால் பத்தாம் வகுப்புப் பாடத்தில் சேர்த்துவிடுவேன்.

வஸீர் பதில் எழுதினாரா? தெரியாது. குப்பைக்குழி எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பதில்லை. ஆனால் அந்த ஆட்சியில் நிலைமை எங்கே போய் முட்டியது என்பதற்குத் தனி ஆவணமே இருக்கிறது. இத்தாலியின் டுரின் நகர மியூசியத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ். எழுதியவர் அமென்நக்த் என்கிற எழுத்தராக இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். (பாலைவனத்துத் தங்கச் சுரங்கங்களைக் காட்டுகிற ஒரு பழைய மேப் உண்டு. அதை வரைந்ததும் இவர்தான் என்று கருதுகிறார்கள். பலே ஆள்!)

ஆட்சியின் 29-வது ஆண்டு. கி.மு. 1157 வாக்கில். முதலிலேயே ஒரு தடவை சம்பளம் 20 நாள் தள்ளிப்போனது. அமென்நக்த் ஆள்களிடம் அதை அறிவித்துவிட்டு, நேரே ஹொரெம்ஹெப் மன்னனின் கோயிலுக்குப் போய் 46 மூட்டை கோதுமையோடு திரும்பினார். சமாளித்தாயிற்று. சில மாதங்கள் கழித்து மறுபடியும் அதே கதை. இந்த முறை சமாளிக்க முடியவில்லை.

குளிர்காலத்தின் இரண்டாவது மாதம், பத்தாம் தேதி. மொத்த கோஷ்டியும் வேலையைப் போட்டுவிட்டு, ஐந்து காவல் சுவர்களைத் தாண்டி வெளியே வந்தது. மாதத்தில் 18 நாள் ஆச்சு, பசிக்குது என்று சொல்லிக்கொண்டே போய் ஒரு கோயிலின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டார்கள். எழுத்தர், இரண்டு மேஸ்திரிகள், உதவி மேஸ்திரிகள் எல்லோரும் ஓடி வந்து, உள்ளே வாங்கப்பா, ராஜாவின் வாக்கே எங்களிடம் இருக்கிறது என்று சத்தியம் பண்ணிப் பார்த்தார்கள். ம்ஹூம்! உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இது என்கிறார்கள்.

பதினொன்றாம் தேதியும் அப்படியே. பன்னிரண்டாம் தேதி இரண்டாம் ராம்செஸின் நினைவுக் கோயிலுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். அங்கே களஞ்சியங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் தலைவர் வந்தார், கோயில் அதிகாரிகள் வந்தார்கள். அவர்களிடம் தொழிலாளிகள் சொன்னதுதான் முக்கியம். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்துவிட்டது. துணி இல்லை, தைலம் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. இதை எங்கள் நல்ல எஜமானாகிய மன்னருக்கு எழுதுங்கள். எங்கள் மேலதிகாரியான வஸீருக்கும் எழுதுங்கள்!

வந்த அதிகாரிகளிடம் அவர்கள் சோறு கேட்கவில்லை, கவனித்தீர்களா? மேலே எழுது என்கிறார்கள். எழுதினால் அது பதிவாகும். பதிவானால் 'எனக்குத் தெரியவே தெரியாதே' என்று யாரும் பின்னால் சொல்ல முடியாது. கீழ் அதிகாரிகளுக்கு உதறல் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கே முந்தின மாதத்து பாக்கி ரேஷன் பட்டுவாடா ஆனது.

முந்தின மாதத்துக்கு மட்டும்! நடப்பு மாதம்? மறுபடி நடை, மறுபடி உட்கார்ந்தது. ஒருத்தன் பெயர் மோஸே. இன்றைக்கு என்னை இங்கேயிருந்து கிளப்பினால், ஒரு கல்லறையைக் கொள்ளையடிக்கத் திட்டம் போட்டுவிட்டுத்தான் தூங்குவேன் என்று மன்னன் பேரில் சத்தியம் செய்தான். மன்னன் கல்லறையைக் கட்டுகிறவன் வாயில் வரக்கூடிய வார்த்தையா அது?

அடுத்த மாதம் மூன்றாவது தடவையாக வெளியே வந்தபோது அவர்கள் பேச்சு மாறியிருந்தது. இந்த முறை பசிக்காக வரவில்லை, மன்னனின் இந்த இடத்தில் தப்புக் காரியம் நடந்திருக்கிறது, அதைச் சொல்ல வந்தோம் என்றார்கள். அதாவது, எங்கள் வயிறு போகட்டும், மன்னர் சொத்துக்கே ஆபத்து!

ஏன் இந்த மாற்றம்? என் ஊகத்தைச் சொல்கிறேன். அதற்குச் சில தசாப்தம் பின்னால் போய், இதே கிராமத்தில் நடந்த இன்னொரு புகாரைப் பார்க்க வேண்டும்.

அது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ். எழுதியவர் ஒரு தலைமை மேஸ்திரியின் மகன். (இவர் பெயரும் அமென்நக்த்! அந்த ஊரில் பெயருக்கு அப்படியொரு பஞ்சம்.) இவருடைய அண்ணன் மேஸ்திரியாக இருந்து கொலையாகிவிட்டார். பதவி இவருக்கு வர வேண்டியது. ஆனால் பானெப் என்பவன் எங்கள் அப்பாவின் ஐந்து வேலைக்காரர்களை அன்றைய வஸீருக்கு லஞ்சமாகக் கொடுத்து, பதவியைத் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்கிறார் இவர். அப்புறம் கொட்டுகிறார் பாருங்கள்! பானெப், இரண்டாம் சேத்தி மன்னனின் கல்லறையில் திருடினான். அங்கே இருந்த கல்லை எடுத்து வந்து தன் கல்லறைக்குத் தூண் வைத்தான். குடித்துவிட்டு மன்னனின் சவப்பெட்டி மேலேயே உட்கார்ந்தான். அரசாங்கத் தொழிலாளியைத் தன் மாட்டுக்குத் தீனி வைக்கச் சொன்னான். அடுத்தவன் பெண்டாட்டிகளோடு படுத்தான், இன்னார் இன்னார் மனைவி. சுவர் மேல் ஏறி நின்று ஆள்கள் மேல் கல்லெறிந்தான். தன்னைத் தண்டித்த வஸீரையே மேலே புகார் கொடுத்து வேலையைவிட்டுத் தூக்கினான்...

பதவி கிடைக்காத எரிச்சல் ஒவ்வொரு வரியிலும் வழிகிறது. பெரிசு, சிறுசு என்ற தராதரமே இல்லை. நெஃபர்ஹோதெப்பின் கடிதம் தங்கம் என்றால் இது மீன் மார்க்கெட். எத்தனை நிஜம், எத்தனை வயிற்றெரிச்சல் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் வேலை செய்தது இதுதான்! பானெப் அதற்குப் பின் ஆவணங்களிலிருந்தே காணாமல் போகிறான். 29-வது ஆண்டு போராட்டத்தின்போது வேறொரு தொழிலாளி, சிலர் இரண்டாம் ராம்செஸ் கல்லறைக்கு மேலே கல் எடுக்கிறார்கள் என்று புகார் செய்கிறான். அப்போது, முன்பு பானெப் கல் எடுத்த விஷயத்தில் வஸீர் ஹோரி என்ன நிலை எடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியுமே என்று நினைவுபடுத்துகிறான். கோர்ட்டில் பழைய தீர்ப்பைக் காட்டுவது மாதிரி! ஊரே அந்த வழக்கை மறக்கவில்லை.

கணக்கு புரிந்திருக்கும். தொழிலாளியின் பட்டினியை அழகாக எழுதினால் அரை மனசோடு கேட்பார்கள். முதலாளியின் சொத்து போகிறது என்று கண்டபடி எழுதினாலும் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார்கள். மூன்றாவது தடவை சுவரைத் தாண்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, வஸீர் டோ என்ன செய்தார்? அவர் வேறு அவசரத்தில் இருந்தார். மன்னனின் 30-வது ஆண்டு விழா வருகிறது. தெற்கத்திக் கோயில்களிலிருந்து சாமி சிலைகளைப் படகில் ஏற்றி வடக்கே கொண்டுபோக வேண்டும். அதற்காகத் தீப்ஸ் வரைக்கும் வந்தவர், ஆற்றைத் தாண்டி இவர்களை எட்டிப் பார்க்கவில்லை. போலீஸ் அதிகாரி ஒருவர் மூலம் சேதி அனுப்பினார். கொடுக்க ஒன்றுமில்லாமல் வராமல் இருந்துவிடவில்லை என்று ஆரம்பம். எங்கள் ரேஷனைப் பறிக்காதே என்கிறீர்களே, பறிப்பதற்காகவா என்னை வஸீராகப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கோபம். என் நிலையில் இருப்பவன் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருக்க மாட்டேன் என்று ஒரு உறுதிமொழி. கடைசியில் உண்மை வருகிறது: களஞ்சியத்திலேயே ஒன்றும் இல்லை. கிடைத்ததைத் தருகிறேன்.

கிடைத்தது பாதி ரேஷன்.

3,200 வருஷத்தில் நிர்வாகத்தின் பதில் கடித பாஷை மட்டும் மாறவே இல்லை போலிருக்கிறது. ஆனாலும் டோவை முழு வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. களஞ்சியம் காலி என்று எழுத்துக்கு எழுத்து ஒப்புக்கொண்ட வஸீர்கள் எத்தனை பேர்?

பாதி ரேஷன் வந்ததும் கோஷ்டி மறுபடி கிளம்பப் பார்த்தது. இங்கேதான் நம் அமென்நக்த் பாடு திண்டாட்டம். 46 மூட்டைக்காகக் கோயில் கோயிலாகப் போன அதே மனிதர், இப்போது குறுக்கே நின்று, சுவரைத் தாண்டினால் கோர்ட்டுக்கு இழுப்பேன், எந்தக் கோர்ட்டிலும் உங்களுக்குத்தான் தண்டனை என்று மிரட்டுகிறார். மேலேயும் கீழேயும் இடிபடுகிற நடு அதிகாரி! இதையும் ஒளிக்காமல் பதிவு செய்திருப்பதுதான் ஆச்சரியம். சில நாளில் ஆள்கள் மீண்டும் வெளியே வந்து, வழியில் போன தீப்ஸ் மேயரைக் கூப்பிட்டு முறையிட்டார்கள். அவர், மன்னர் ரேஷன் தருகிற வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று 50 மூட்டை கோதுமை கொடுத்தனுப்பினார்.

மன்னனின் 30-வது ஆண்டு விழா நடந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்தப்புரச் சதியில் ராம்செஸ் கொலையானான். 2012-ல் அவன் மம்மியை சி.டி. ஸ்கேன் செய்த முடிவுகள் வெளியானபோது, கழுத்து ஆழமாக அறுபட்டிருந்தது தெரிந்தது. அடுத்தடுத்து வந்த ராம்செஸ்கள் காலத்திலும் சம்பளம் தள்ளிப்போவது நிற்கவில்லை, ஆள்கள் உட்காருவதும் நிற்கவில்லை. மோஸேயின் சத்தியத்தை யார் நிறைவேற்றினார்களோ! ஐம்பது வருஷத்துக்குள், ஒன்பதாம் ராம்செஸின் 17-வது ஆண்டில், ஐசிஸ் ராணியின் கல்லறையைக் கொள்ளையடித்த வழக்கில் கைதானவர்கள் இதே கிராமத்துத் தொழிலாளிகள்.

அமென்நக்த் வம்சத்திடம் எழுத்தர் உத்தியோகம் தலைமுறை தலைமுறையாகத் தங்கியது. பதினோராம் ராம்செஸின் 12-வது ஆண்டு. அப்போதைய எழுத்தர் பெயர் துத்மோஸே. வஸீருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கிற காலம் மலையேறிவிட்டது. இரண்டு வாசல் காவலாளிகளைக் கூட்டிக்கொண்டு அவரே படகில் ஏறி, தீப்ஸுக்குத் தெற்கே ஊர் ஊராகப் போனார். தொழிலாளிகளுக்கான வரித் தானியத்தைத் தானே அளந்து, மூட்டை கட்டி, ஏற்றிக்கொண்டு வந்தார். எந்த ஊர், யார் கொடுத்தார், எத்தனை மூட்டை என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதியும் வைத்தார். அந்தக் கணக்கும் டுரினில்தான் இருக்கிறது.